பழைய பிக்கப் வாகனத்தில் தேய்ந்த கபின் புஷ்களை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தடைப்பட்டிருந்ததனால், முப்பது வயதைத் தாண்டிய பிக்கப்புகள் இன்றும் யாழ்ப்பாணத்தின் வீதிகளில் வெங்காயமும் மீன்பெட்டியும் சீமெந்தும் ஏற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. இயந்திரத்தைப் புதுப்பித்தவர்கள், ரயரை மாற்றியவர்கள், பெயின்ற் அடித்தவர்கள் பலர் உள்ளனர். கபினுக்கும் சேசிக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் றப்பரைத் திரும்பிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. என்னுடைய பழைய டீசல் பிக்கப்பில் இந்த வேலையை வீட்டு முற்றத்தில் செய்து முடித்த பின்னர், அறிந்தவர்களும் அறியாதவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் அளித்த விடைகளையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

கபின் புஷ் என்பது எது? அது எங்கே இருக்கிறது?

பிக்கப் வாகனத்தின் அடியில் ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது; அதுவே சேசி. கபினும் பின்பெட்டியும் அதன்மேல் தனித்தனியே பூட்டப்படுகின்றன. சேசியின் பக்கங்களில் கைபோல நீண்டிருக்கும் தாங்கிகளின் மேல் கபின் நேரடியாக அமராமல் தடித்த றப்பர்களின் மேல் அமர்கிறது. கராச்சுகளில் இவற்றைப் ‘பொடி புஷ்’ என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு தாங்கியிலும் மேலே ஒரு றப்பர், கீழே ஒரு றப்பர், இரண்டுக்கும் நடுவே ஊடுருவிச் செல்லும் ‘சிலீவ்’ எனப்படும் இரும்புக் குழாய், அகன்ற வாசர்கள், நீண்ட போல்ற் ஆகியவை இருக்கும். மேல் றப்பர் கபினின் பாரத்தைத் தாங்குகிறது. கீழ் றப்பர், பள்ளத்தில் விழுந்தெழும்போது கபின் மேலெழும்பாமல் பிடித்துக்கொள்கிறது. தாங்கிகளின் எண்ணிக்கை வாகனத்துக்கு வாகனம் வேறுபடுவதால், கடைக்குப் போகுமுன் வாகனத்தின் அடியில் படுத்து எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை இருக்கைகள் கொண்ட ‘டபிள் கப்’ வாகனங்களில் பின்னிருக்கைக்கு அடியிலும் தாங்கிகள் இருப்பதுண்டு. ரேடியேற்றரைத் தாங்கும் முன்சட்டத்துக்கெனத் தனியாக இரண்டு புஷ்கள் வைத்த வாகனங்களும் உள்ளன.

புஷ் தேய்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

கண்ணால் பார்ப்பதே முதல் சோதனை. கபினின் பின்சுவருக்கும் பெட்டியின் முன்சுவருக்கும் இடையிலுள்ள வெளியை மேலேயும் கீழேயும், இடப்புறமும் வலப்புறமும் அளந்து பாருங்கள். அந்த இடைவெளி ஒரு பக்கம் இரண்டு விரலும் மறுபக்கம் ஒரு விரலுமாக இருந்தால் கபின் சாய்ந்திருக்கிறது, அல்லது பெட்டி நகர்ந்திருக்கிறது. என்னுடைய வாகனத்தில் இடது பின்மூலை ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. அதனால் இடப்புறக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தது. கதவுப் பிணைச்சல் தேய்ந்துவிட்டதென்று எண்ணி இரண்டு முறை பிணைச்சலை மாற்றியது என்னுடைய மடமை.

அடுத்தது சத்தம். ஒரு பக்கச் சில்லு மட்டும் தார் விளிம்பில் ஏறி இறங்கும்போதும், பிரேக் பிடித்து நிற்கும் கடைசிக் கணத்திலும் இருக்கைக்கு அடியில் ‘டொக்’ என்று கேட்டால் கபின் புஷ்மீது ஐயம் கொள்ளலாம். வாகனம் நிற்கையில் இயந்திரத்தை முடுக்கும்போது கேட்கும் சத்தம் பெரும்பாலும் இயந்திரத் தாங்கியினுடையது. பின்னால் பாரம் ஏற்றிய வேளையில் மட்டும் கேட்பது பெரும்பாலும் வில்லுத்தகட்டின் புஷ்களினுடையது. ஐயத்தைத் தீர்க்க, சில்லுகளுக்கு முட்டுக்கட்டை வைத்து, தாங்கிக்கும் கபினின் அடித்தளத்துக்கும் இடையே சிறிய நெம்புகம்பியைச் செருகி மெதுவாக நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் சிறிதளவே அசைந்து திரும்பும். கெட்டது தடையின்றி எழும்பி, விட்டதும் இரும்பில் மோதும். இதற்கு அலவாங்கைப் பயன்படுத்தாதீர்கள். அது அடித்தளத் தகட்டை வளைத்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் இவை விரைவாகக் கெடுவதற்குத் தனிக் காரணம் உண்டா?

றப்பர் எங்கும் கெடும். இங்கு றப்பருக்கு முன்பாக அதைச் சூழ்ந்துள்ள இரும்பு கெடுகிறது. பண்ணைத் தாம்போதி வழியே தீவுப்பகுதிக்கு நாள்தோறும் சென்றுவரும் வாகனத்தின் அடியில் உப்புக்காற்றும் நீர்த்திவலையும் படிகின்றன. இதைவிடப் பெரிய கேட்டை நாமே செய்கிறோம்: கழுவும் எண்ணத்தில், கரையோரக் கிணறுகளின் உவர்நீரை சேசிமீது அடித்துவிட்டு ஈரத்தோடு நிறுத்திவிடுகிறோம். தாங்கியின் கிண்ணத்தில் தேங்கும் அந்த நீர் வற்றும்போது உப்பையும் சுண்ணாம்பையும் விட்டுச் செல்கிறது. அதன்மேல் செம்மண் படிந்து, அடுத்த ஈரத்தை நாட்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்கிறது. கழுவுவதானால் நன்னீரால் கழுவுங்கள். கிண்ணங்களிலுள்ள மண்ணைக் குச்சியால் தோண்டி எடுங்கள்.

மேலும், இயற்கை றப்பர் டீசலிலும் இயந்திர எண்ணெயிலும் ஊறினால் வீங்கி மென்மையாகிப் பஞ்சுபோல ஆகிவிடும். டீசல் குழாயோ கியர்ப்பெட்டியின் சீலோ கசிந்து ஒரு புஷ்மீது சொட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கசிவை நிறுத்தாமல் புதுப் புஷ் போடுவது வீண்செலவு.

கிழிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. முப்பது ஆண்டுகள் நசுங்கிய ஐந்து றப்பர்களின் நடுவே முழு உயரமுள்ள ஒரு புதிய றப்பரை வைத்தால், கபின் அந்த மூலையில் உயர்ந்து முறுகும். முன் கண்ணாடியின் சட்டம் அந்த முறுக்கைத் தாங்கவேண்டி வரும். ஒரே தடவையில் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். மிகவும் முடியாத நிலையில், எதிரெதிரான சோடியையாவது சேர்த்து மாற்றுங்கள்.

அசல் றப்பர், பாலியூரித்தேன், ரயரில் வெட்டியது: எதை வாங்கலாம்?

அன்றாட ஓட்டத்துக்கு றப்பரே சரி என்பது என் முடிவு. கபின் புஷ்ஷின் முதல் வேலை அதிர்வை விழுங்குவது. அதற்கு மென்மை வேண்டும். பாலியூரித்தேன் எண்ணெய்க்கும் வெயிலுக்கும் றப்பரைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் புஷ்களுக்கு அதைப் பெரும்பாலும் கூடிய கடினத்தில் வார்ப்பதால், பழைய டீசல் இயந்திரத்தின் உதறல் முழுவதும் இருக்கைக்கும் ஸ்ரியறிங்குக்கும் ஏறிவரும். காட்டுப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு அந்த இறுக்கம் பிடிக்கலாம். ஏ9 வீதியில் கிளிநொச்சியைத் தாண்டி ஆறேழு மணி நேரம் கொழும்பு நோக்கி ஓட்டுபவருக்கு அது இடுப்புவலியாகவே முடியும்.

ரயரில் வெட்டிய துண்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடையே மிகப் பரவலான கைமுறை அதுதான். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. இல்லாததை இருப்பதைக் கொண்டு ஈடுசெய்யும் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் ரயர் என்பது வெறும் றப்பர் அன்று: அதனுள் துணியிழையோ இரும்புக்கம்பியோ அடுக்கடுக்காக ஓடுகிறது. வெட்டிய விளிம்பில் வெளித்தெரியும் அந்த இழை நீரை உறிஞ்சும்; கம்பி துருப்பிடிக்கும்; அடுக்குகள் காலப்போக்கில் பிரியும். அதோடு, அசல் புஷ்ஷின் கழுத்து தாங்கியின் துளைக்குள் இறங்கி அமர்ந்து கபின் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது. தட்டையான ரயர்த்துண்டுக்கு அந்தக் கழுத்து இல்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கபின் முன்னே சறுக்கி, போல்ற் துளையின் விளிம்பை அரித்துக்கொண்டே இருக்கும். நான் கழற்றிய ஒரு தாங்கியில் வட்டத் துளை முட்டைவடிவமாகியிருந்ததற்கு, முன்னைய உரிமையாளர் வைத்த ரயர்த்துண்டே காரணம்.

பாகம் தேடுகையில் மாதிரி எண்ணையும் சேசி இலக்கத்தையும் கையில் வைத்திருங்கள். இங்கே கிடைக்காவிடில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். பிரித்த வாகனத்தின் பழைய புஷ்ஷை வாங்குவதில் பயனில்லை. அதன் றப்பரும் உங்களுடையதைப் போல வயதானதே. அசல் கிடைக்காத மாதிரிகளுக்கு, அதே வெளிவிட்டமும் கழுத்து விட்டமும் உயரமும் கொண்ட வேறு மாதிரியின் புஷ்ஷைப் பொருத்தலாம். ஆனால் அளவெடுக்கும்போது நசுங்கிய பழைய றப்பரின் உயரத்தை அளந்துவிடாதீர்கள்; சிலீவின் நீளமே நம்பத்தகுந்த அளவு.

பழைய சிலீவையும் வாசரையும் திரும்பப் பாவிக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விடையை மட்டும் வாசிக்க நேரமுள்ளவர் இதை வாசிக்கட்டும். றப்பர் எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது சிலீவ்தான். போல்ற்றை இறுக்கும்போது றப்பர்கள் மெல்ல நசுங்கி, இறுதியில் இரும்புக் குழாயின் இரு முனைகளும் கபினின் அடிப்பகுதியையும் கீழ் வாசரையும் தொட்டு நிற்கின்றன. அதற்குப் பிறகு போல்ற்றின் இழுவிசை முழுவதும் இரும்பின்மீதே விழுகிறது. றப்பர் வேண்டிய அளவு அழுத்தத்தோடு ஓய்வாக இருக்கிறது. துருப்பிடித்து முனை தேய்ந்த சிலீவ் 3 மில்லிமீற்றர் குறைந்திருந்தால், புதிய றப்பர் அந்த 3 மில்லிமீற்றரைக் கூடுதலாக நசுங்கித் தாங்க வேண்டும். ஒரே ஆண்டில் அது பக்கவாட்டில் பிதுங்கி வெடிக்கத் தொடங்கும். சிலீவே இல்லாமல் பூட்டினால், எப்போது நிறுத்துவதென்று ஸ்பனர் பிடித்தவருக்கே தெரியாது.

ஆகவே நன்றாக இருக்கும் சிலீவைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, மற்றவற்றோடு நீளத்தை ஒப்பிட்டு, துருத்தடுப்புப் பூச்சு பூசித் திரும்பப் பாவிக்கலாம். அரிக்கப்பட்டதைக் கடைச்சல் பட்டறையில் கொடுத்து, அதே நீளத்திலும் சுவர்த் தடிப்பிலும் புதிதாகச் செய்வியுங்கள். தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடுவது சரியன்று. அதன் சுவர் மெலிதாக இருந்தால் இறுக்கத்தில் நசுங்கிக் கொடுக்கும். வாசர்களைப் பொறுத்தவரை, கிண்ணம்போல் குழிந்தவை றப்பரைச் சுற்றிப் பிடிப்பதற்காகவே அவ்வாறு செய்யப்பட்டவை. அவற்றின் இடத்தில் தட்டையான வாசரைப் போடாதீர்கள்.

கபினைத் தூக்குமுன் எவற்றைக் கழற்ற வேண்டும்?

கபினுக்கும் சேசிக்கும் இடையே ஓடும் ஒவ்வொன்றும் தூக்கும்போது இழுபடும் என்று நினைத்து, முன்னிருந்து பின்னாகக் கையால் தொட்டுக்கொண்டே போங்கள். முதலில் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். ரேடியேற்றர் கபினோடு சேர்ந்து எழும் அமைப்பானால், விசிறி உறையின் கீழ்விளிம்பு விசிறியில் முட்டும். உறையைக் கழற்றி இயந்திரத்தின்மேல் சாய்த்துவிடுங்கள். ரேடியேற்றர் குழாய்கள், கிளச் குழாய், பிரேக் குழாய்கள், கைப்பிரேக் கம்பி, வேகமானிக் கம்பி, கியர்ப்பிடியின் றப்பர் உறை ஆகிய அனைத்திலும் போதிய தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ரியறிங் தண்டின் இணைப்பு சறுக்கி நீளும் வகையா, இறுகிய வகையா என்பதை அறிந்துகொள்ளுங்கள். இறுகியதானால், தண்டிலும் இணைப்பிலும் நேர்கோடாக அடையாளமிட்டுக் கழற்றி, ஸ்ரியறிங் வளையம் சுழலாதபடி கட்டிவிடுங்கள்.

நான் மறந்தது, இயந்திரத்துக்கும் கபினின் முன்சுவருக்கும் இடையே ஓடும் பின்னிய எர்த் பட்டியை. கபின் எழும்போது அது ஓசையின்றி அறுந்துபோனது. வேலையெல்லாம் முடிந்து சாவியைத் திருப்பியபோது, கபினிலுள்ள மானிகள் ஒழுங்கின்றி ஆடின, விளக்குகள் மங்கின. இரண்டு மணி நேரம் பியூஸ் பெட்டியைக் குடைந்த பின்னரே கீழே தொங்கிய பட்டி கண்ணில் பட்டது.

போல்ற் அசையவே மறுக்கிறது, அல்லது நட்டு சேர்ந்து சுழல்கிறது. என்ன செய்வது?

அரைவாசி நேரம் இதில்தான் போகும். வேலைக்கு நான்கைந்து நாட்களுக்கு முன்பிருந்தே, காலையும் மாலையும் துரு தளர்த்தும் எண்ணெயை மரைகளில் விடுங்கள். கபினின் தரைவிரிப்பைச் சுருட்டினால், சில வாகனங்களில் றப்பர் மூடியின் அடியில் போல்ற்றின் தலையோ நட்டோ தெரியும். மேலிருந்து விடும் எண்ணெய் தானாகவே இறங்கும். கழற்றும்போது ஒரே மூச்சில் திருகாமல், கால் சுற்றுத் தளர்த்தி, அரைக்கால் சுற்று இறுக்கி, மீண்டும் தளர்த்துங்கள். துருத்தூள் மரையில் அடைத்துக்கொள்ளாமல் வெளியேறும்.

நெருப்பு வைப்பது பட்டறையில் பழகிய கைகளுக்குக்கூட இந்த இடத்தில் ஆபத்தானது. போல்ற்றுக்கு நேர் மேலே விரிப்பும் பஞ்சும் இருக்கின்றன, அருகே டீசல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன, பழைய றப்பர் தீப்பற்றினால் எளிதில் அணையாது. மரை தளர்ந்தும் போல்ற் இறங்க மறுத்தால், அது சிலீவோடு துருவில் ஒட்டியிருக்கிறது என்று பொருள். அப்போது றப்பரைக் கத்தியால் அறுத்தெடுத்து, சிலீவையும் போல்ற்றையும் சேர்த்துக் கிறைண்டரால் வெட்டுவதே குறுக்குவழி; அந்த இரண்டும் எப்படியும் புதிதாக வரவேண்டியவை. சேசி இலக்கம் பொறிக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் கிறைண்டர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துகள் தேய்ந்தால், உரிமை மாற்றும் நாளில் விளக்கம் சொல்லி மாளாது.

நட்டு கபினின் தகட்டுக்குள் கூடுவைத்து அடைக்கப்பட்டிருந்து, அந்தக் கூடு உடைந்து சேர்ந்து சுழன்றால், தரையில் மேலிருந்து சிறிய சன்னல் ஒன்று வெட்டி நட்டை ஸ்பனரால் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று பக்கம் மட்டும் வெட்டித் தகட்டை மூடிபோல் மடித்தால், முடிந்ததும் திரும்ப மடித்து ஒட்டி, சீலர் பூசிவிடலாம்.

எவ்வளவு உயரம் தூக்க வேண்டும்? எப்படித் தூக்குவது?

பழைய புஷ் வெளியே வரவும் புதியது உள்ளே போகவும் தேவையான உயரம் மட்டுமே. பெரும்பாலும் 4 அல்லது 5 சென்ரிமீற்றர் போதும். இரு பக்கப் போல்ற்றுகளையும் தளர்த்தி, தூக்கும் பக்கத்துப் போல்ற்றுகளை மட்டும் முழுதாகக் கழற்றுங்கள்; மறுபக்கத்தவை சில மரைகளில் தொங்கிக்கொண்டு கபின் வழுவாமல் காக்கும். நம் வாகனங்களில் ஸ்ரியறிங் வலப்புறம் இருப்பதனால், இடப்புறத்தில் தொடங்கிக் கையைப் பழக்கிக்கொண்டு பிறகு வலப்புறம் வருவது நல்லது.

ஜக்கின் தலையை நேரே தகட்டில் வைத்தால் தகடு குழியும். கதவுக்குக் கீழுள்ள விளிம்பின் உட்புறமாக, கபினின் குறுக்குச் சட்டங்கள் இரண்டையாவது தொடும் நீளத்தில் தடித்த பலகை வைத்துத் தூக்குங்கள். இரண்டு ஜக்குகளால் முன்னும் பின்னுமாக மாறி மாறி உயர்த்துவது மேலும் பாதுகாப்பானது. உயர்ந்ததும் சேசிக்கும் கபினுக்கும் இடையே கட்டைகளைச் செருகாமல் ஒரு விரலைக்கூட உள்ளே விடக்கூடாது. முற்றத்தில் கிடக்கும் பனங்குற்றியை இதற்கு எடுக்காதீர்கள்: அதன் வைரம் வெளிப்புறத்தில் மட்டுமே, உள்ளே வெறும் சோறு, பாரம் ஏறினால் நார் வழியே பிளந்துவிடும். வேம்போ முதிரையோ நல்லது. எனக்கு உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு அண்ணை வேலை முழுவதும் சொன்னது ஒன்றேதான்: “தம்பி, கட்டை வைச்சிட்டியோ? வைச்சிட்டுக் கையை விடு.”

தாங்கியே துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால்?

சுத்தியலின் முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது. மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்ந்தால், உதிரும்வரை தட்டி எஞ்சிய தகட்டைக் காணுங்கள். துளையைச் சுற்றி மெலிந்திருந்தால் அங்கே புதிய புஷ் போடாதீர்கள். மேலே தகடு ஒட்டி மறைப்பதும் தீர்வாகாது. அரிக்கப்பட்ட பகுதியை வெட்டி நீக்கி, அதே தடிப்பில் புதுத் தகடு பொருத்தி ஒட்ட வேண்டும். இது தேர்ந்த வெல்டிங்காரரின் வேலை. கபின் ஓரளவு உயர்ந்திருக்கும்போதே அவரை அழைத்துவிடுங்கள். ஒட்டும்போது பற்றரி கழற்றப்பட்டே இருக்கட்டும்.

புதிய புஷ்ஷுக்குக் கிறீஸ் பூசலாமா?

றப்பருக்குக் கூடாது, சவர்க்கார நீர் போதும், அல்லது சிலிக்கன் கிறீஸ். போல்ற்றின் தண்டுக்கும் சிலீவின் உட்புறத்துக்கும் மட்டும் துருத்தடுப்புக் கிறீஸ் மெல்லிதாகப் பூசலாம்.

இறுக்கும் முறை எது?

எல்லாப் போல்ற்றுகளையும் முதலில் கையால் மட்டும் பூட்டி, ஜக்குகளை இறக்கி, கபின் தன் பாரத்தில் அமர்ந்த பிறகே ஸ்பனரை எடுக்க வேண்டும். அமருமுன் ஒரு மூலையை இறுக்கிவிட்டால் மற்ற மூலைகளில் துளைகள் நேருக்கு நேர் வராது. கதவுகளைச் சாத்திப் பார்த்து, பெட்டியோடு உள்ள இடைவெளியை நேராக்கி, நடுவிலிருந்து தொடங்கிக் குறுக்காக மாறி மாறி இறுக்குங்கள். முறுக்குவிசை அளவை உங்கள் மாதிரிக்குரிய பட்டறைக் கையேட்டிலிருந்தே எடுங்கள். போல்ற்றின் பருமனுக்கான பொது அட்டவணைகள், மெல்லிய தகட்டில் அடைத்த நட்டைக் கருத்திற்கொண்டவை அல்ல. சிலீவ் தொட்டதும் ஸ்பனரில் தடை சட்டென்று கூடுவதைக் கை உணரும். அப்படி எதுவும் உணராமல் நட்டு சுழன்றுகொண்டே போனால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

வீட்டில் செய்யலாமா, கராச்சில் விடலாமா? எத்தனை நாள் ஆகும்?

துரு குறைவாகவும், உதவிக்கு ஒருவரும், சமமான சீமெந்துத் தரையும் இருந்தால் வீட்டில் இரண்டு நாள். என்னுடைய முதல் புஷ் ஒரு முற்பகலைத் தின்றது. கடைசி மூன்றும் சேர்ந்து அதே அளவு நேரம்தான். மணல் முற்றத்தில் ஜக் புதையும், அங்கே செய்யாதீர்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் முடிப்பது நல்லது, ஏனெனில் தரையில் வெட்டிய சன்னலின் சீலர் காய வெயில் வேண்டும்.

மாற்றிய பிறகு கதவு முன்பைவிட மோசமாக மூடுகிறது. எங்கே பிழை?

பெரும்பாலும் பிழை இல்லை. சாய்ந்த கபினுக்கு ஏற்றவாறு பல ஆண்டுகளாகப் பிணைச்சலையும் பூட்டின் கொக்கியையும் யாரோ தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள்; இப்போது கபின் நேரானதும் அந்தத் திருத்தங்கள் பிழையாகத் தெரிகின்றன. ஓரிரு வாரம் ஓட்டி, றப்பர் படிந்த பின்னர் கொக்கியைச் சரிசெய்யுங்கள். கியர்ப்பிடி தரைத் துளையின் விளிம்பில் உரசுகிறதா, விசிறி உறையைச் சுற்றி இடைவெளி சீராக உள்ளதா என்பவற்றை மட்டும் முதல் ஓட்டத்துக்கு முன்பே பாருங்கள். ஏறத்தாழ 500 கிலோமீற்றர் ஓடியதும், அதாவது கொழும்புக்கு ஒரு வழி போய்ச் சேர்ந்து சிறிது தூரம் சுற்றியதும், எல்லாப் போல்ற்றுகளிலும் மீண்டும் டோர்க் ஸ்பனரை, அதாவது முறுக்குவிசையை அளந்து இறுக்கும் ஸ்பனரை, வைத்துப் பாருங்கள். என்னுடையதில் இரண்டு போல்ற்றுகள் கால் சுற்று ஏற்றுக்கொண்டன. இரண்டும் இடது பின்மூலையில் இருந்தவை.